நடுவில் வரும் நாடு

புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று நம் ஜவ்வாது மலையின் மூன்று நாட்டிலும் இப்போது பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவன் வளைகுடாவுக்கு வெல்டிங் வேலைக்குப் போகிறான். ஒருத்தி ஜெர்மனிக்கு நர்ஸாகப் போகிறாள். இன்னொருத்தி அரசு உதவித்தொகையில் இங்கிலாந்துக்கு மேல்படிப்புக்குப் போகிறாள். குவைத்திலும் லண்டனிலும் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு மலைக்குத் திரும்பியவள் நான் என்பதால் எல்லோரும் கிளம்பும் முன் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். "அத்தை, அந்த நாட்டு விசா வந்துடுச்சு" என்று சந்தோஷமாகக் காட்டுகிறார்கள். விமானம் மாறுவதற்காக நடுவில் இறங்கப்போகும் நாட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சாமை விற்ற காசும் புளி விற்ற காசும் வீணாவது பெரும்பாலும் அந்த நடு நாட்டில்தான். திண்ணையில் ஒவ்வொருவருக்கும் சொல்வதை இங்கே எல்லோருக்குமாக எழுதி வைக்கிறேன்.

1. மணிக்கணக்கு பார்க்காதே, கதவைப் பார்.

"ரெண்டு மணி நேரம்தானே அத்தை, அதுக்கு எதுக்கு விசா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. எத்தனை மணி நேரம் காத்திருக்கிறாய் என்பதற்கும் விசாவுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. விமானத்தை விட்டு இறங்கியதும் இரண்டு வழி பிரியும். ஒன்று அடுத்த விமானத்துக்குப் போகும் டிரான்சிட் வழி. மற்றொன்று இமிகிரேஷன் கவுன்டரைத் தாண்டி வெளியே போகும் வழி. கவுன்டரைத் தாண்டாத வரை சட்டத்தின் கணக்கில் நீ அந்த நாட்டுக்குள் நுழையவில்லை. தாண்டினால், ஐந்து நிமிடமே ஆனாலும், நுழைந்தவள்தான். ஆகவே நீ கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. என் பயணத்தில் அந்தக் கவுன்டரைத் தாண்ட வேண்டி வருமா? தாண்டாமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பதற்கும் விசா கேட்கிற நாடா அது? இரண்டாவது கேள்வி பலருக்குப் புதிதாக இருக்கும். அப்படிக் கேட்கிற நாடுகள் நிஜமாகவே உண்டு. மூன்றாவதில் சொல்கிறேன்.

2. டிக்கெட் ஒன்றா, இரண்டா?

சில வருஷம் முன்பு நம் மலைப் பையன் ஒருவனுக்கு சைப்ரஸில் ஓட்டல் வேலை கிடைத்தது. விசா சரியாக இருந்தது. ஏஜென்ட் செலவைக் குறைக்கிறேன் என்று ஏதென்ஸ் வரை ஒரு டிக்கெட்டும், ஏதென்ஸிலிருந்து லார்னகாவுக்கு வேறு கம்பெனியில் இன்னொரு டிக்கெட்டும் போட்டுக் கொடுத்தார். மீனம்பாக்கத்தில் பெட்டியை எடைபோட்டாயிற்று. கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள். "லக்கேஜ் ஏதென்ஸ் வரைக்கும்தான் போகும். அங்க நீங்க வெளிய வந்து எடுத்து மறுபடி போடணும். ஷெங்கன் விசா இருக்கா?" என்றாள். கிரீஸ் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான அந்த விசா அவனிடம் இல்லை. பெல்ட்டில் ஏறிய பெட்டியை இறக்கி அவன் காலடியில் வைத்தார்கள். இரண்டு டிக்கெட்டுக்கும் ஒரு ரூபாய் திரும்பவில்லை. ராத்திரி ரயிலில் ஜோலார்பேட்டை வந்து இறங்கினான். அந்த டிக்கெட்டுக்காக அவன் அம்மா அடகு வைத்திருந்தது காதில் கிடந்த கம்மல்.

அந்தப் பையன் ஏதென்ஸ் நகரத்தைப் பார்க்கக் கேட்கவில்லை. இமிகிரேஷன் கவுன்டருக்கு அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும் தன் பெட்டியை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குக்கூட முழு விசா வேண்டும். ஆகவே பயணம் முழுவதும் ஒரே பி.என்.ஆர். என்ற முன்பதிவு எண்ணில் இருக்க வேண்டும். பெட்டிக்கு ஒட்டும் டேகில் கடைசி ஊரின் பெயர் இருக்க வேண்டும். இரண்டாவது போர்டிங் பாஸும் சென்னையிலோ பெங்களூரிலோ கையில் வந்துவிட வேண்டும். இந்த மூன்றும் சரி என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. "ஆயிரக்கணக்கில் மிச்சம்" என்று ஏஜென்ட் நீட்டும் டிக்கெட்டில் இரண்டு பி.என்.ஆர். இருந்தால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்து வா.

3. எந்த நாடு எப்படி?

இந்திய பாஸ்போர்ட்டை வைத்துச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் டிரான்சிட் வழி என்றே ஒன்று இல்லை. மெக்சிகோவுக்குப் போனாலும் கரீபியன் தீவில் கப்பல் ஏறப் போனாலும், அமெரிக்க மண்ணில் விமானம் மாறினால் இமிகிரேஷனில் நிற்க வேண்டும். பெட்டியையும் பெரும்பாலும் முதல் விமான நிலையத்திலேயே எடுத்துத் திரும்பப் போட வேண்டும். அதற்கு சி-1 என்ற டிரான்சிட் விசா உண்டு. சுற்றுலா விசா இருந்தாலும் ஆகும். விசா இல்லாமல் மாறிப் போகும் ஏற்பாடு முன்பு அங்கேயும் இருந்தது. 2003 ஆகஸ்டில் பாதுகாப்புக் காரணம் சொல்லி நிறுத்திவிட்டார்கள்.

கனடாவுக்கும் நமக்கு டிரான்சிட் விசா தேவை, 48 மணி நேரத்துக்குள் கடந்துவிட வேண்டும். அந்த விசாவுக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லாததால் தேவையும் இல்லை என்று நினைத்து ஏமாந்துவிடாதே.

இங்கிலாந்தில் கவுன்டரைத் தாண்டாமல் உள்ளேயே மாறுவதற்கும் நமக்கு விசா வேண்டும். டைரக்ட் ஏர்சைட் டிரான்சிட் விசா என்பார்கள். வெளியே வந்து மாற வேண்டியிருந்தால் அதற்கு வேறு விசா, 48 மணி நேரத்துக்கானது. உள்ளேயே மாறும் விசாவை வைத்துக்கொண்டு வெளியே வர முடியாது. விண்ணப்பிக்கும் முன் பெட்டி எங்கே வரும், எந்த டெர்மினல் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் ஷெங்கன் நாடுகளுக்கு விமான நிலைய டிரான்சிட் விசா என்று தனி வகை இருக்கிறது. எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் பொதுவான பட்டியல் ஒன்று. அதில் இலங்கை உண்டு, இந்தியா இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தனக்கென்று சேர்த்துக்கொள்ளும் பட்டியல் இன்னொன்று. ஜெர்மனியும் பிரான்சும் தங்கள் பட்டியலில் இந்தியாவை நெடுங்காலம் வைத்திருந்தன. பிராங்க்ஃபர்ட்டில் உள்ளேயே இரண்டு மணி நேரம் உட்காரவும் விசா கேட்டதால் திரும்பி வந்தவர்கள் ஏராளம். 2026 ஜனவரியில் ஜெர்மன் சான்சலர் மெர்ஸ் இந்தியா வந்தபோது இந்திய பாஸ்போர்ட்டுக்கு இந்த விசாவை எடுத்துவிடுவதாக அறிவித்தார்கள். நல்ல செய்தி. ஆனால் அறிவிப்பு பேப்பரில் வருவது ஒரு நாள், அமலுக்கு வருவது இன்னொரு நாள். கிளம்பும் வாரத்தில் அந்தத் தூதரகத்தின் பக்கத்தைப் பார்த்து உறுதி செய்துகொள். வாட்ஸாப்பில் வந்த படத்தை நம்பிப் பெட்டி கட்டாதே.

துபாய், அபுதாபி, தோஹா, சிங்கப்பூர் இவற்றில் உள்ளேயே மாறினால் நமக்கு விசா வேண்டாம். மலைப் பிள்ளைகள் முதல் பயணத்துக்கு இந்த வழிகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நூறு, இருநூறு ரூபாய்க்காக இல்லை, ஐந்தாறாயிரம் கூடினாலும் இதையே சொல்வேன். வெளியே போக ஆசை இருந்தால் அது வேறு கதை. துபாயும் அபுதாபியும் இருக்கும் எமிரேட்ஸ் நாட்டில் 48 மணி நேர டிரான்சிட் விசா இலவசம், 96 மணி நேரத்துக்கு 50 திர்ஹம். இரண்டையும் விமான கம்பெனி வழியாக முன்னாலேயே வாங்க வேண்டும். சிங்கப்பூரில், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்திருக்கும் இந்தியருக்கு 96 மணி நேரம் வெளியே போய்வர வழி இருக்கிறது. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் நமக்கு விசா இல்லாமல் நுழைய விட்டிருக்கிறது. வருகைப் படிவத்தை ஆன்லைனில் முன்பே நிரப்ப வேண்டும்.

4. ஐரோப்பாவில் இரண்டு முறை மாறினால்.

பாரிஸில் இறங்கி, அங்கிருந்து பிராங்க்ஃபர்ட், அங்கிருந்து வேறு கண்டம் என்று ஒரு டிக்கெட் வந்தால் கவனம். இரண்டும் ஷெங்கன் நாடுகளில் இருப்பதால் பாரிஸிலிருந்து பிராங்க்ஃபர்ட் போவது அவர்கள் கணக்கில் உள்ளூர்ப் பயணம். அதற்கு பாரிஸிலேயே இமிகிரேஷன் தாண்டியாக வேண்டும். விமான நிலைய டிரான்சிட் விசா அதற்குச் செல்லாது, முழு ஷெங்கன் விசா வேண்டும்.

ஜெர்மனிக்கு நர்ஸாகப் போகும் பெண்ணுக்கு இந்தப் பயம் இல்லை. உன் ஜெர்மன் வேலை விசாவே பாரிஸிலும் செல்லும். ஆனால் இமிகிரேஷன் வரிசையில் நிற்பது பாரிஸில்தான் என்பதை நினைவில் வை. ஒன்றரை மணி நேர இடைவெளி போதாது. மூன்று மணி நேரம் இருக்கிற டிக்கெட்டாகக் கேள்.

5. சென்னைக் கவுன்டரில் இருக்கும் பெண் மேல் கோபப்படாதே.

"இமிகிரேஷன் ஆபீசர் கேட்டா பரவாயில்ல, டிக்கெட் கவுன்டர்காரங்க ஏன் விசா கேக்குறாங்க?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இதற்குப் பதில் நம் இனத்தாரின் கதையில் இருக்கிறது. லண்டனில் என்னோடு வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழர்கள் உயிரைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்கள். 1980களின் நடுவில் அவர்களுக்குத் திறந்திருந்த ஒரு வழி கிழக்கு பெர்லின். ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கிழக்கு ஜெர்மனியின் டிரான்சிட் விசாவில் மின்ரயில் ஏறினால் மேற்கு பெர்லின் வந்துவிடும். அங்கே அடைக்கலம் கேட்டார்கள். மேற்கு ஜெர்மனியின் நெருக்குதலில் 1985-ல் அந்த வழி தமிழர்களுக்கு அடைபட்டது. அதே வருஷம் பிரிட்டன் இலங்கைக்காரர்களுக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடுகளில் அப்படி முதலில் விசா கேட்கப்பட்டது இலங்கையைத்தான். 1986 ஆகஸ்டில் மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலில் போன 155 தமிழர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அருகே இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்தபோது மீனவர்கள் மீட்டார்கள்.

1987 பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கி அடைக்கலம் கேட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்களைத் திருப்பி அனுப்ப விமானத்துக்கு அழைத்துப் போனார்கள். குளிர்காலம். ஏற மறுத்து, ஓடுதளத்துப் பக்கம் உடைகளைக் களைந்து உள்ளாடையோடு நின்றார்கள். அந்தப் படம் பத்திரிகைகளில் வந்தது, நீதிமன்றம் தலையிட்டது, அனுப்புவது அப்போதைக்கு நின்றது. சில வாரங்களில் பிரிட்டிஷ் அரசு புதிய மசோதா கொண்டுவந்தது. உரிய தாள் இல்லாத ஒரு பயணியை ஏற்றி வந்தால் விமான கம்பெனிக்கு 1,000 பவுண்டு அபராதம் என்றது அந்த 1987-ஆம் வருஷச் சட்டம். பிறகு அது 2,000 பவுண்டாக உயர்ந்தது. மற்ற நாடுகளிலும் இதே மாதிரி சட்டங்கள் இருக்கின்றன.

நாட்டு எல்லையில் நடக்க வேண்டிய சோதனை அப்படித்தான் மீனம்பாக்கத்துக் கவுன்டருக்கு வந்து சேர்ந்தது. அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் திரையில் டிமாட்டிக் என்ற விதித் தொகுப்பு திறந்திருக்கும். உன் பாஸ்போர்ட், உன் வழி, உன் விசா மூன்றையும் போட்டுப் பார்த்து அது சொல்வதைச் செய்வாள். உன்னை ஏற்றிவிட்டு அபராதம் வந்தால் அவள் கம்பெனி கட்ட வேண்டும். அவளிடம் அழுதோ சண்டை போட்டோ பயன் இல்லை. அவள் பார்க்கப்போவதை நீ ஒரு மாதம் முன்பே பார்த்துவிட வேண்டும். பல விமான கம்பெனிகளின் இணையப் பக்கத்தில் அதே விதிகளைப் பயணிகளும் பார்க்கலாம்.

இன்னும் ஒன்று. உன்னோடு படிக்கும், வேலை பார்க்கும் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளோடு சேர்ந்து டிக்கெட் போடுவாய். மொழி ஒன்றாக இருந்தாலும் விதி பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான். உனக்கு விசா வேண்டாத ஐரோப்பிய விமான நிலையத்தில் அந்தப் பிள்ளைக்கு வேண்டியிருக்கும். இரண்டு பேருக்கும் ஒத்துவரும் வழியைப் பார்த்துப் போடு. கூட வந்தவளைக் கவுன்டரில் விட்டுவிட்டு நீ மட்டும் ஏறிப் போகும் நிலை வரக் கூடாது.

6. ஒரு விசா இன்னொரு கதவைத் திறக்கும். எவ்வளவு நாள் திறந்திருக்கும் என்று பார்.

அமெரிக்கா, கனடா, ஜப்பான் விசா கையில் இருந்தால் ஷெங்கன் டிரான்சிட் விசாவிலிருந்து விலக்கு உண்டு. இங்கிலாந்தும் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் விசா இருந்தால் விலக்குத் தருகிறது. படிக்கப் போகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். போகும்போது விசா புதிது, எந்தச் சிக்கலும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவின் தேதி முடிந்திருக்கும். அங்கே தங்கும் உரிமை வேறு தாளில் இருக்கும். போன வழியிலேயே திரும்பலாம் என்று டிக்கெட் போட்டுவிடாதே. திரும்பும் பயணத்துக்கு எல்லாக் கேள்வியையும் முதலிலிருந்து மறுபடி கேள்.

7. ஒரே ஊர், இரண்டு விமான நிலையம்.

லண்டனில் ஹீத்ரோவும் கேட்விக்கும், பாரிஸில் சார்ல் தெ கோலும் ஓர்லியும், இஸ்தான்புல்லில் ஐரோப்பியக் கரையில் ஒன்றும் ஆசியக் கரையில் சபிஹா கோக்சென்னும். டிக்கெட்டில் ஊர்ப் பெயர் ஒன்றாகவே தெரியும். பக்கத்தில் இருக்கும் மூன்றெழுத்துக் குறியைப் பார். இறங்கும் இடத்தின் குறியும் ஏறும் இடத்தின் குறியும் வேறாக இருந்தால் நீ அந்த நாட்டுக்குள் போய் வர வேண்டும். கோலாலம்பூரில் குறி ஒன்றுதான், ஆனால் இரண்டு டெர்மினலுக்கும் நடுவே ரயிலில் போக வேண்டும்.

ராத்திரி முழுக்கக் காத்திருக்கும் டிக்கெட்டுக்கு "ஓட்டல் இலவசம்" என்பார்கள். அந்த ஓட்டல் இமிகிரேஷன் கதவுக்கு உள்ளேயா வெளியேயா என்று கேள். வெளியே என்றால் விசா இல்லாமல் நீ நாற்காலியில்தான் தூங்க வேண்டும்.

8. பெயர்.

நம் வீட்டில் பெயர் ஒன்றுதான், முன்னால் அப்பா பெயரின் எழுத்து. அப்படியே பாஸ்போர்ட்டிலும் ஒற்றைப் பெயராக எடுத்துவிடுகிறார்கள். 2022 நவம்பரில் எமிரேட்ஸ் நாடு ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவோடு வருபவர்களைச் சேர்ப்பதில்லை என்று சொல்லிவிட்டது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். வேலூரில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே அப்பா பெயரை முழுதாக விரித்து எழுதிக் கொடு. டிக்கெட்டில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது. பாஸ்போர்ட் செல்லுபடி ஆறு மாதத்துக்கு மேல் மிச்சம் இருக்கட்டும்.

9. "அங்க சும்மா மாறத்தான்" என்று சொல்பவனை நம்பாதே.

இதைப் படிக்காமல் யாரும் கிளம்பக் கூடாது என்று நினைக்கிறேன். 2022-ல் தமிழ்நாட்டுப் பிள்ளைகளைத் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப் போனார்கள். பாங்காக்கில் இறக்கி, காரில் எல்லைக்குக் கொண்டுபோய், ஆற்றைக் கடக்க வைத்து மியான்மரின் மியாவடியில் அடைத்தார்கள். ஆன்லைனில் ஆட்களை ஏமாற்றும் வேலையைச் செய்யச் சொல்லி அடித்தார்கள். அந்த அக்டோபரில் மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்து இறங்கினார்கள். எல்லோரும் திரும்பவில்லை. வேலை ஒரு நாட்டில், விசா வேறு நாட்டுக்கு, அதுவும் சுற்றுலா விசா என்றால் அங்கேயே நின்றுவிடு.

பத்தாவது தேறாத பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கும். வளைகுடா, மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்கள் இ-மைக்ரேட் என்ற அரசு இணையதளம் வழியாக அனுமதி வாங்க வேண்டும். இதைத் தவிர்க்கத்தான் சில ஏஜென்டுகள் வேறு நாட்டைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். அனுமதியோடு போகிறவனுக்கு 10 லட்ச ரூபாய் காப்பீடு கிடைக்கிறது. இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய்தான். சுற்றிப் போகிறவனுக்கு அதுவும் இல்லை, பின்னால் புகார் கொடுக்கும்போது காட்டத் தாளும் இல்லை.

10. தேன் பாட்டில்.

மலைத்தேன் இல்லாமல் நம் பிள்ளைகள் கிளம்புவதில்லை. கைப்பையில் வைத்தால், 100 மில்லிக்கு மேல் இருப்பதைச் சோதனையில் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். பெரிய பெட்டியில் வை. ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் என்றால் அங்கே அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்.

11. தாளாகக் கொண்டு போ.

போனில் இருக்கிறது என்று சொல்லாதே. வெளிநாட்டில் நெட் கிடைக்காத நேரத்தில்தான் கேட்பார்கள். டிக்கெட், இரண்டு நாட்டு விசா, வேலைக் கடிதம் அல்லது கல்லூரிக் கடிதம், தங்கும் முகவரி எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் கைப்பையில் இருக்கட்டும். டிரான்சிட் விதி எழுதியிருக்கும் தூதரகப் பக்கத்தையும் தேதியோடு அச்செடுத்து வை. திருப்பத்தூரில் பக்கத்துக்குச் சில ரூபாய்தான் ஆகும்.

12. நிறுத்திவிட்டால்.

சென்னையிலேயே நிறுத்தினால் முதலில் எந்த விதி என்று எழுதித் தரச் சொல். தர மறுத்தால், பெயர், நேரம், சொன்ன காரணம் மூன்றையும் நீயே குறித்துக்கொள். விமானம் கிளம்பும் முன்பே கம்பெனிக்குப் போன் செய்து டிக்கெட்டை ரத்து செய். கிளம்பிய பிறகு சொன்னால் வரியைத் தவிர மிச்சம் பெரும்பாலும் கிடைக்காது. அதே கவுன்டரில் வேறு வழியில் மாற்றித் தர முடியுமா என்று கேள். இடம் இருந்து, கூடுதல் காசு கொடுக்க முடிந்தால் சில நேரம் அன்றைக்கே துபாய் வழியாக ஏற்றிவிடுவார்கள்.

நடு நாட்டில் நிறுத்தினால் புரியாத தாளில் கையெழுத்துப் போடாதே. தமிழோ ஆங்கிலமோ தெரிந்த ஆளைக் கேள், கேட்க உனக்கு உரிமை உண்டு. இந்தியத் தூதரகத்தின் அவசர எண்ணும், தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறை எண்ணும் அந்தப் பிளாஸ்டிக் கவருக்குள் கையால் எழுதி இருக்க வேண்டும். அப்புறம் வீட்டுக்குச் சொல். நெல்லிவாசலில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது, அதனால் திருப்பத்தூரிலோ ஆலங்காயத்திலோ இருக்கும் உறவுக்காரர் ஒருவர் எண்ணையும் சேர்த்து வை. என் எண்ணும் எழுதிக்கொள். ராத்திரி எத்தனை மணி ஆனாலும் எடுப்பேன்.